தட்டைப் பார்த்துச் சிரிக்கும் தலைவர்கள்

பெருநாள் முடிந்து கடை திறக்கும் முதல் நாள். நீங்கள் ஷட்டரைத் தூக்குவதற்குள் பக்கத்துக் கடைக்காரர் குரல் கொடுக்கிறார்: "என்ன பாய், பிரியாணி எங்கே?" நீங்கள் சிரிக்கிறீர்கள். "நேத்தே வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேனே, தங்கச்சி சொல்லலையா? ஒளிச்சு வெச்சிட்டாங்க போல!" என்கிறீர்கள். அவரும் சிரிக்கிறார். பொங்கலன்று அவர் வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்த தூக்குச் சட்டி உங்கள் நினைவில் இருக்கிறது. இருபது வருடப் பழக்கம்.

இதில் மனம் புண்பட என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை.

அதே சொல்லை இன்னோர் இடத்தில் கேளுங்கள். தேர்தல் மேடை. ஒலிபெருக்கி. ஆயிரக்கணக்கான கூட்டம். ஒரு தலைவர் சொல்கிறார்: "அவர்களுக்குப் பிரியாணி போட்டு வளர்த்தார்கள், நாங்கள் வந்தோம், தோட்டாவைக் கொடுக்கிறோம்." கூட்டம் கைதட்டிச் சிரிக்கிறது. அதே பிரியாணிதான். ஆனால் இப்போது உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அடிவயிற்றில் ஏதோ செய்கிறது. ஏன்?

"சாப்பாட்டை வைத்து ஒரு தமாஷ். இதற்கெல்லாமா கோபம்? உங்களுக்கு நகைச்சுவை உணர்வே கிடையாதா?" என்று நம்மைக் கேட்பவர்கள் இருக்கின்றனர். நம் இளைஞர்களில் சிலரோ இன்னொரு கோடியில் நிற்கின்றனர். பிரியாணி என்று எவர் வாயைத் திறந்தாலும் 'இது சமுதாயத்துக்கு இழைக்கப்பட்ட அவமானம்' என்று காவல் நிலையத்துக்கு மனு எழுதத் தொடங்கிவிடுகின்றனர். இந்த இரண்டு கோடிகளிலும் நியாயம் இல்லை என்பதே நம் கருத்து. எதற்குச் சிரிக்கலாம், எதற்குக் கொதிக்க வேண்டும் என்று பிரித்தறியத் தெரியாமல் போனால், கொதிக்க வேண்டிய இடத்தில் நம் குரலுக்கு மதிப்பு இருக்காது.

ஒரு பிரியாணியின் கதை

2008 நவம்பர் 26 அன்று மும்பையில் நடந்த பயங்கரத்தை நாம் மறக்கவில்லை. கொல்லப்பட்ட 166 பேரில் முஸ்லிம்களும் இருந்தனர். தாக்க வந்து செத்துப்போன ஒன்பது பேரின் உடல்களை அடக்கம் செய்ய, மும்பை முஸ்லிம்கள் தங்கள் கபரஸ்தானில் ஆறடி நிலம்கூடத் தர மறுத்தனர். அந்த அளவுக்கு அருவருப்பு. உயிரோடு பிடிபட்ட அஜ்மல் கசாப் மீது நமக்கு எந்தப் பரிவும் கிடையாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

2009-ல் அவன் மீதான வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, அரசுத் தரப்பு வழக்கறிஞர் உஜ்வல் நிகம் செய்தியாளர்களிடம் ஒரு செய்தியைச் சொன்னார். சிறையில் கசாப் மட்டன் பிரியாணி கேட்கிறானாம்! அவ்வளவுதான். தொலைக்காட்சிகள் அதைப் பிடித்துக்கொண்டன. சில நாட்களில் 'கேட்டான்' என்பது 'கொடுத்தார்கள்' என்று ஆயிற்று. 'கொடுத்தார்கள்' என்பது 'தினமும் கொடுக்கிறார்கள்' என்று ஆயிற்று. தேநீர்க் கடைகளில், ரயில் பயணங்களில், கல்லூரி விடுதிகளில் எங்கும் இதே பேச்சு. நம் வரிப்பணத்தில் பயங்கரவாதிக்குப் பிரியாணியா? கேட்பவனுக்கு ரத்தம் கொதிக்காதா?

2012 நவம்பர் 21 அன்று கசாப் தூக்கிலிடப்பட்டான். அவனோடு அந்தப் பிரியாணி சாகவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் மேடையேறியது.

பிறகு 2015 மார்ச் மாதம் ஜெய்ப்பூரில் அதே உஜ்வல் நிகம் உண்மையைப் போட்டு உடைத்தார். கசாப் பிரியாணி கேட்கவே இல்லை. அரசாங்கம் கொடுக்கவும் இல்லை. நீதிமன்றத்தில் அவன் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து ஊடகங்களில் அவன்பால் ஓர் அனுதாபம் எழுவதாகத் தோன்றியதாம். அதை முறியடிக்கத் தாமே இட்டுக்கட்டிய கதை அது என்றார். சொன்னதால் அவருக்கு எந்தச் சேதமும் இல்லை. 2016-ல் பத்மஸ்ரீ. 2024-ல் வட மத்திய மும்பைத் தொகுதியில் பா.ஜ.க. வேட்பாளர், தோற்றார். 2025-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினர்.

சகோதரர்களே, இங்கே ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். ஏன் பிரியாணி? அனுபவம் மிக்க ஒரு வழக்கறிஞர், மும்பை நகரத்தில் நின்றுகொண்டு பொய்க்கதை ஒன்றைக் கட்டுகிறார். 'அவன் வடா பாவ் கேட்கிறான்' என்று கட்டியிருக்கலாமே? 'ஐஸ்கிரீம் கேட்கிறான்' என்று சொல்லியிருக்கலாமே? சொன்னால் எடுபடாது. பிரியாணி என்று சொன்னால் எடுபடும். அந்த ஒரே சொல்லில் சொகுசும் இருக்கிறது, மதமும் இருக்கிறது. 'முஸ்லிம்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சொல்லாததைச் சொன்னதாக எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கவும் முடியாது. கேட்பவன் புரிந்துகொள்வான், சொன்னவன் தப்பித்துக்கொள்வான்.

இந்தக் கள்ளச் சாவியைத்தான் 2020-ல் டெல்லியிலும் போட்டுப் பார்த்தனர். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து ஷாஹீன் பாக் பெண்கள் சாலையில் அமர்ந்தனர். தொண்ணூறு வயதுப் பாட்டிமார்கள் டெல்லிக் குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தனர். சட்டசபைத் தேர்தல் வந்தது. உத்தரப் பிரதேச முதல்வர் யோகி ஆதித்யநாத் பிப்ரவரி 1 அன்று கராவல் நகரில் பேசும்போது, போராட்டக்காரர்களுக்குக் கெஜ்ரிவால் பிரியாணி கொடுக்கிறார் என்றார். தேர்தல் ஆணையமே அவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது.

அந்தப் போராட்டப் பந்தலில் உண்மையில் அடுப்பு மூட்டியவர்களில் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்களும் உண்டு. அவர்கள் லங்கர் நடத்தினர். ரொட்டியும் பருப்பும் பரிமாறினர். ஆனால் 'ரொட்டிக்கும் பருப்புக்கும் கூடிய கூட்டம்' என்று மேடையில் சொன்னால் யார் சிரிப்பார்கள்?

பிப்ரவரி கடைசியில் வடகிழக்கு டெல்லி எரிந்தது. 53 உயிர்கள் போயின. கராவல் நகரும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. பிரியாணிக் கேலிதான் கலவரத்தை மூட்டியது என்று நான் எழுத மாட்டேன். அதற்கு ஆதாரம் என்னிடம் இல்லை. ஆதாரம் இல்லாமல் பழி சுமத்துவது அவர்கள் வழக்கம், அதை நாம் பழக வேண்டாம். ஆனால் ஒன்று சொல்லலாம். பேரப்பிள்ளைகளின் குடியுரிமைக்காகக் குளிரில் உட்கார்ந்த ஒரு மூதாட்டியைச் 'சோற்றுக்காக வந்தவள்' என்று ஊரார் சிரித்துவிட்டால், அவள் என்ன கேட்கிறாள் என்று காது கொடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போகிறது.

ஒரே வாய், இரண்டு கேலி

அப்படியானால் உணவைப் பற்றிய எல்லாக் கேலியும் குற்றமா? இல்லை. பிரான்சில் ஒரே மனிதர் செய்த இரண்டு கேலிகளைப் பாருங்கள்.

2005 ஜூலையில் பிரெஞ்சு அதிபர் ஜாக் சிராக், ரஷ்ய, ஜெர்மன் தலைவர்களோடு அரட்டையடித்துக்கொண்டிருந்தார். ஆங்கிலேயரின் சமையலை இழுத்தார். இவ்வளவு மோசமாகச் சமைப்பவர்களை எப்படி நம்புவது என்றார். ஃபின்லாந்துக்கு அடுத்தபடி மோசமான சாப்பாடு அங்கேதான் என்றார். மறுநாள் பத்திரிகைகளில் செய்தி வந்தது. லண்டனில் எவராவது ஊர்வலம் போனார்களா? இல்லை. ஆங்கிலப் பத்திரிகைகள் பதிலுக்குப் பிரெஞ்சுக்காரர்களைக் கிழித்துத் தொங்கவிட்டன. அதே வாரம், ஜூலை 6 அன்று, 2012 ஒலிம்பிக்கை நடத்துவது பாரிஸா லண்டனா என்று சிங்கப்பூரில் வாக்கெடுப்பு. லண்டன் 54, பாரிஸ் 50. கேலி செய்யப்பட்டவன் வென்று, சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

இதே சிராக் 1991-ல் பாரிஸ் நகர மேயராக இருந்தார். ஜூன் 19 அன்று ஓர்லியான் நகரில் தம் கட்சியினர் நடத்திய விருந்தில் பேசினார். ஏழைப் பிரெஞ்சுத் தொழிலாளி ஒருவன் கஷ்டப்பட்டு உழைக்கிறான். எதிர் வீட்டிலோ வெளிநாட்டிலிருந்து குடியேறிய ஒருவன் மூன்று நான்கு மனைவிகள், இருபது பிள்ளைகளோடு அரசாங்க உதவித்தொகையில் வாழ்கிறான். அதற்கு மேல் அந்தச் சத்தத்தையும் வாடையையும் சேர்த்துக்கொண்டால் இவனுக்குப் பைத்தியம் பிடிக்காதா என்றார். விருந்தில் இருந்தவர்கள் சிரித்தனர்.

எந்த வாடை? மாடிப்படியில் இறங்கி வரும் சமையல் வாடை! அல்ஜீரியாவிலிருந்தும் மாலியிலிருந்தும் வந்து பிரான்சின் சாலைகளைப் போட்டவர்கள், கார்த் தொழிற்சாலைகளில் உழைத்தவர்கள், தங்கள் வீட்டில் வெங்காயம் வதக்கிய வாடை.

ஆங்கிலேயனிடம் நாடு இருந்தது, பத்திரிகை இருந்தது, ஒலிம்பிக்கில் ஓட்டு இருந்தது. மாலி நாட்டுக்காரனிடம் என்ன இருந்தது? வாடகை வீடு ஒன்று. அடுத்த முறை அவன் வீடு கேட்டுப் போகும்போது, சொந்தக்காரர் கதவைத் திறப்பதற்கு முன்பே மூக்கைச் சுருக்கிக்கொள்வார். அந்த இரண்டு சொற்களும் பிரெஞ்சு மொழியில் அப்படியே நிலைத்துவிட்டன. துலூஸ் நகரத்து வம்சாவளி இளைஞர்களின் 'ஸெப்தா' என்ற இசைக்குழு 1995-ல் அந்தச் சொற்களையே தங்கள் தொகுப்புக்குப் பெயராக வைத்துச் சிராக்குக்குப் பதில் கொடுத்தது. அந்தப் பதில் எனக்குப் பிடித்திருக்கிறது. மனு எழுதுவதைவிட அது மேல்.

கேலிக்கு ஆளானவன் அதே மேடையில் ஏறித் திருப்பிக் கேலி செய்ய முடிந்தால், மறுநாள் காலையில் அவன் பிழைப்புக்கு எந்தக் குறையும் வராது என்றால், அது தமாஷ். இருவரும் சிரிக்கலாம். திருப்பிச் சொல்ல அவனுக்கு மேடையே இல்லை, மறுநாள் அவன் வேலையோ வீடோ கடையோ ஆட்டம் காணும் என்றால், அதைத் தமாஷ் என்று சொல்பவர் நம்மை ஏமாற்றுகிறார். பக்கத்துக் கடைக்காரர் பிரியாணி கேட்டபோது உங்களுக்கு வலிக்காததன் காரணம் இதுதான். அவருக்கு நீங்கள் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களே!

அவலும் மீனும்

2020 ஜனவரியில் இந்தூரில் பா.ஜ.க. தலைவர் கைலாஷ் விஜய்வர்கியா ஒரு கூட்டத்தில் பேசினார். அவர் வீட்டில் புதிதாக ஓர் அறை கட்டினார்களாம். கட்டட வேலைக்கு வந்த சிலர் வெறும் அவலை மட்டுமே சாப்பிட்டார்களாம். அந்த விசித்திரமான பழக்கத்தைப் பார்த்து, இவர்கள் வங்கதேசத்தவரோ என்று சந்தேகம் வந்துவிட்டதாம்.

நாடே விழுந்து விழுந்து சிரித்தது. ஏனென்றால் இந்தூர் நகரத்தின் காலைச் சாப்பாடே அவல்தான்! 'போஹா' என்று தாளித்து, மேலே சேவு தூவி, கூடவே ஜிலேபி வைத்து அந்த ஊரே சாப்பிடுகிறது. 'அப்படியானால் இந்தூர் முழுக்க வங்கதேசத்தவர்தானா?' என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஆனால் அவர் பேச்சிலேயே இன்னொரு வரி இருந்தது. அதைப் பலர் கவனிக்கவில்லை. தமக்குச் சந்தேகம் வந்த இரண்டு நாட்களில் அந்தத் தொழிலாளர்கள் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டனர் என்றும் அவரே சொன்னார். அவர்கள் யார்? எந்த ஊர்? பாதியில் விட்டுப்போன வேலைக்குக் கூலி வாங்கினார்களா? எந்தத் தொலைக்காட்சியும் அவர்களைத் தேடிப் போகவில்லை. நாம் அந்தத் தலைவரைப் பார்த்துச் சிரித்து முடித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டோம்.

2022 நவம்பரில் குஜராத் தேர்தல். நடிகரும் முன்னாள் எம்.பி.யுமான பரேஷ் ராவல் வல்சாடில் பேசினார். எரிவாயு சிலிண்டர் விலை இன்று ஏறும், நாளை இறங்கும். ஆனால் டெல்லியைப் போல ரோஹிங்யாக்களும் வங்கதேசத்தவரும் உங்கள் பக்கத்தில் வந்து குடியேறினால், சிலிண்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள், வங்காளிகளுக்கு மீன் சமைத்துப் போடுவீர்களா என்று கேட்டார். கூட்டத்தில் சிரிப்பு. சிலிண்டர் விலையைப் பற்றிய கேள்வி அந்தச் சிரிப்பிலேயே காணாமல் போனது. வியாபாரிகளே, இந்தச் சாமர்த்தியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்!

வங்காளத்தில் எதிர்ப்பு கிளம்பியது. காவல் நிலையத்தில் புகார் போயிற்று. ராவல் மன்னிப்புக் கேட்டார். எப்படி? மீன் ஒரு பிரச்சனை அல்ல, குஜராத்திகளும் மீன் சாப்பிடுகிறார்கள். வங்காளி என்று தாம் சொன்னது சட்டவிரோதமாக வந்த வங்கதேசத்தவரையும் ரோஹிங்யாக்களையும்தான். இருந்தாலும் மனம் புண்பட்டிருந்தால் மன்னிக்கவும் என்றார். கவனித்தீர்களா? ஓட்டுள்ள வங்காளியிடம் மன்னிப்பு. ஓட்டும் நாடும் இல்லாத ரோஹிங்யாவை மறுபடியும் பெயர் சொல்லிச் சுட்டிவிட்டுத்தான் அந்த மன்னிப்பு.

அவலும் மீனும் சிரிப்போடு முடிந்த கதைகளா? 2025-ல் பல மாநிலங்களில், வங்க மொழி பேசும் கூலித் தொழிலாளர்கள் வங்கதேசத்தவர் என்ற சந்தேகத்தில் பிடித்து வைக்கப்பட்டனர். மேற்கு வங்கத்தைச் சேர்ந்த சிலர் எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டு, இந்தியர்கள்தான் என்று தெரிந்த பிறகு திரும்ப அழைத்து வரப்பட்டனர். எதைத் தின்கிறான், எந்த மொழியில் பேசுகிறான், லுங்கி கட்டியிருக்கிறானா என்றெல்லாம் பார்த்து ஒருவனின் நாட்டைத் தீர்மானிக்கலாம் என்ற எண்ணம் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை.

எழும்பூரில் வந்த 'நாய்க்கறி'

இது வடநாட்டு விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 2018 நவம்பரில் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில், ஜோத்பூரிலிருந்து வந்த இரண்டாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட இறைச்சியைப் பிடித்தனர். வாலைப் பார்த்து 'நாய்க்கறி' என்று எவரோ கிளப்பிவிட்டனர். அவ்வளவுதான், தமிழ்நாடு முழுக்கப் பிரியாணிக் கடைகளைப் பற்றிய நாய் ஜோக்குகள்தான். கைப்பேசியைத் திறந்தால் குரைக்கும் பிரியாணி. கடை நடத்திய சகோதரர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த வாரம் அண்டா எப்படிக் காலியாகாமல் நின்றது என்று சொல்வார்கள்.

சில நாட்களில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் சோதனை முடிவு வந்தது. அது ஆட்டு இறைச்சிதான்! முடிவைச் செய்தியாகப் போட்டனர். ஜோக் போன வேகத்தில் எந்தச் செய்தியும் போகாது. இன்றைக்கும் ரோட்டோரப் பிரியாணி என்றால் அந்த ஜோக்கைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2024 செப்டம்பர் 10 அன்று தொலைக்காட்சி விவாதத்தில் டொனால்டு டிரம்ப், ஒஹாயோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் குடியேறியவர்கள் ஊராரின் நாய்களையும் பூனைகளையும் தின்கிறார்கள் என்றார். ஹெய்ட்டி நாட்டு மக்களைப் பற்றிய பேச்சு அது. நம்பத்தகுந்த எந்தப் புகாரும் இல்லை என்று நகர நிர்வாகம் மறுத்தது. உலகம் அதைப் பாட்டாக்கி ஆடியது. ஸ்பிரிங்ஃபீல்டிலோ முப்பதுக்கும் மேற்பட்ட வெடிகுண்டு மிரட்டல்கள். பள்ளிக்கூடங்களைக் காலி செய்தனர். டிரம்ப் அந்தத் தேர்தலில் வென்றார்.

ஆக, நம் இளைஞர்களிடம் சொல்ல வேண்டியது இது. கேலிக்குக் கோபப்படுவதைவிட, கேலிக்குள் ஒளிந்திருக்கும் தகவலைப் பிடியுங்கள். கசாப் கதை ஏறக்குறைய ஆறு வருடம் உண்மையாக உலவியது. இடைப்பட்ட காலத்தில் நம்மில் எத்தனை பேர் சிறை நிர்வாகத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டோம்? 2005-லிருந்து அந்தச் சட்டம் இருக்கிறது. 'எங்களை அவமானப்படுத்திவிட்டான்' என்ற புலம்பலைக் கேட்கப் பொதுமக்களுக்குப் பொறுமை குறைவு. 'சொன்னது பொய், இதோ காகிதம்' என்றால் நிற்பார்கள். எழும்பூர் விவகாரத்தில் வியாபாரிகள் தைரியமாக நிமிர்ந்து நின்றது, கையில் சோதனை முடிவு வந்த பிறகுதானே?

வெறும் கேலியாக, எந்தத் தகவலும் எந்தப் பழியும் இல்லாமல் வந்தால்? சிரியுங்கள், முடிந்தால் அதைவிட நல்ல கேலியாகத் திருப்பிக் கொடுங்கள். கீழக்கரைக்காரரும் காயல்பட்டினத்துக்காரரும் ஒருவர் சமையலை மற்றவர் எவ்வளவு நக்கலடிக்கிறார்கள்! ரமலானில் தொப்பி மாட்டிக்கொண்டு நோன்புக் கஞ்சி குடிக்க வரும் தலைவர்களை நாம் கேலி செய்யாததா?

நம் நாக்கு

இதுவரை எழுதியது அடுத்தவர் நாக்கைப் பற்றி. படித்துத் தலையாட்டுவது சுலபம்.

2022 மே 13 அன்று கோவை பாரதியார் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் அப்போதைய உயர் கல்வி அமைச்சர் பொன்முடி பேசினார். இந்தி படித்தால் வேலை கிடைக்கும் என்கிறார்களே, கோவையில் பானிபூரி விற்பவர்கள் யார் என்று கேட்டார். அரங்கம் அதிர்ந்தது. ஆளுநர் மேடையில் இருந்ததால் நமக்கெல்லாம் இரட்டிப்பு மகிழ்ச்சி. (அதே பொன்முடி வேறொரு மேடைக் கேலிக்காக 2025-ல் கட்சிப் பதவியை இழந்தார் என்பது தனிக் கதை.) இந்தித் திணிப்பை எதிர்ப்பதில் நமக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் அந்தக் கேலியின் சுமை எவன் தலையில் இறங்கியது? இந்தியைத் திணிப்பவன் டெல்லியில் இருக்கிறான். பானிபூரி விற்பவன் காந்திபுரத்தில் தள்ளுவண்டியோடு நிற்கிறான். அவன் இந்தியைத் திணிக்க வரவில்லை. ஊரில் பிழைப்பில்லாமல் வந்தவன். அவனால் பட்டமளிப்பு மேடையேறிப் பதில் சொல்ல முடியுமா? நாம் வைத்த அளவுகோலால் நம் தலைவரையும் அளக்கத்தானே வேண்டும்?

மறு வருடம், 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரப்பப்பட்டன. அத்தனையும் புளுகு, பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகளே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இருந்தாலும் தொழிலாளர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயில் நிலையத்தில் நின்றார்கள். பொய்யை ஏன் அவ்வளவு சுலபமாக நம்பினார்கள் என்று நான் யோசித்ததுண்டு. தினமும் எந்தப் பெயரால் அழைக்கப்பட்டார்களோ, அந்த ஊர் தங்களை அடிக்கும் என்று நம்புவது அவர்களுக்குக் கடினமாக இருந்திருக்காது.

எங்கள் ஊர்க் கடைவீதியில் ஒரு மண்டி. முதலாளி நம்மவர். ஜமாஅத்தோடு தொழுகிறவர், ஜகாத் கணக்கைப் பைசா பிசகாமல் போடுகிறவர். அவரிடம் மூட்டை தூக்கும் பையன்கள் பீகாரிலிருந்து வந்தவர்கள். அதில் ஒருவனை அவர் "ஏ பானிபூரி!" என்றுதான் கூப்பிடுவார். மூன்று வருடமாக அதுதான் பெயர். அவனும் சிரித்துக்கொண்டே ஓடி வருவான். நானும் அங்கே உட்கார்ந்து டீ குடித்தபடி எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குத் தாமதமாகப் போய்க் கடைசி ஸஃப்பில் நின்றேன். சலாம் கொடுத்துத் திரும்பினால், பக்கத்தில் அவன்! கட்டிஹார்ப் பக்கமாம். வாப்பா இல்லை. இரண்டு தங்கைகள். அன்றுதான் அவன் பெயரைக் கேட்டேன்.

மண்டிக்குப் போய் முதலாளியிடம் சொன்னேன். மனிதர் அதிர்ந்துபோனார். "அட, நம்ம பையனா? தெரியாமப் போச்சே காக்கா!" என்றார். அந்தப் பதில் எனக்குச் சரியாகப் படவில்லை. அவன் நம் பையனாக இல்லாமல், சத் பூஜைக்கு ஊருக்குப் போகிறவனாக இருந்திருந்தால், 'பானிபூரி' என்பது சரியான பெயராகிவிடுமா? ஒரு கூட்டத்தாரை இன்னொரு கூட்டத்தார் பரிகசிக்க வேண்டாம் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் நமக்கு வந்த கட்டளையில் அப்படி ஒரு விதிவிலக்கு இருக்கிறதா? அவரிடமே கேட்டேன். "நான் சும்மா தமாஷுக்குத்தானே கூப்பிட்டேன்" என்றார். மேடையிலிருந்து இறங்கி வரும் தலைவர்கள் சொல்லும் அதே வார்த்தை.

போன வாரமும் போயிருந்தேன். பழைய பெயர்தான் முதலில் அவர் நாக்கில் வருகிறது. பாதியிலேயே நிறுத்திக்கொண்டு, எல்லாப் பையன்களின் பெயரையும் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கும் சீட்டைக் குனிந்து பார்க்கிறார்.